ஹின்ரிக் பிளாஷ் வாங்கப் போகிறார்

ஒருவரைக் கேலி செய்யப் புறப்படும்போது அவர் செய்த நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜெபம் பண்ண முழங்கால் போடும்போது அது வந்து முன்னால் நிற்கும். ஆகையால் கேளுங்கள். ஓஸ்டர்வார்ஃப் கிராமத்தில் வீடு வீடாகச் செய்தித்தாள் போடுகிற ஓர் அம்மாளின் சைக்கிளுக்குப் பின்விளக்கு எரியாமல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் ஆலயத்தில் கண்ணை மூடிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சமயம், ஹின்ரிக் என்பவர் நைசாக எழுந்து வெளியே போய், சட்டைப் பையிலிருந்த புது விளக்கை அந்தச் சைக்கிளில் மாட்டி, இரண்டு தரம் எரியவிட்டுப் பார்த்து, பிரசங்கம் தொடங்குமுன் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த விளக்கைக் கடையில் தேர்ந்தெடுக்க அவருக்கு ஆன நேரம் நான்கு நிமிடம்.

தனக்கென்று ஒரு விளக்கு வாங்கப் புறப்பட்டு இது ஆறாவது வருடம். இன்னும் போய்ச் சேரவில்லை.

உலகத்தில் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அதற்குப் பெயர் வாங்கப் போகிறவர். எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். "வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வாங்கியவர் "ஆமா" என்பார். வாங்காதவர் "இல்ல" என்பார். வாங்கப் போகிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார்.

ஹின்ரிக் வாங்கப் போவது ஒரு பிளாஷ். திறந்த வெளியில் ஆளை நிறுத்திப் படம் எடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெயில் முகத்துக்கு நேரே விழுந்தால் கண் இடுங்கும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் அடுப்புக்கரி. ஆகவே கேமராவில் மாட்டாமல், சற்றுத் தள்ளி ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, எட்ட இருந்தே அடிக்க வைக்கிற, பேட்டரியில் ஓடுகிற, கையோடு தூக்கிப் போகிற பிளாஷ் ஒன்று வேண்டும். ஒரு வரியில் முடிகிற ஆசை. ஆனால் ஆசைக்கு ஒரு வரி போதும், தேர்வுக்குப் போதுமா? சின்னது தூக்க லேசு, வெயிலுக்கு முன்னால் மின்மினிப் பூச்சி. பெரியது வெயிலையே வெட்கப்பட வைக்கும், அதைத் தூக்கிக்கொண்டு, கடலைத் தடுக்கிற உயரமான அணைக்கரை மேல் ஏறினால் படம் எடுக்க ஆள் மிஞ்சாது. நடுத்தரமாக ஒன்று இருக்கிறது. அது ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்கு ஒன்றரை நொடி எடுத்துக்கொள்ளும். "ஒன்றரை நொடியில ஒருத்தன் சிரிப்பு செத்துப்போயிரும்" என்பார் ஹின்ரிக், ஆறு வருடமாக யோசிக்கிறவர்.

ஆண்டவர் வெளிச்சத்தை முதல் நாளிலேயே படைத்து, பார்த்து, நல்லது என்று முடித்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது வெளிச்சம் ஒன்றை அவர் வரவழைக்கவில்லை. ஹின்ரிக்கின் சமையலறைச் சுவரிலோ பதினேழு பிளாஷ்கள் ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாக நின்றன. எடை ஒரு கட்டம், பலம் ஒரு கட்டம், பேட்டரி ஒரு கட்டம், ஈரக் காற்றைத் தாங்குமா என்பது ஒரு கட்டம், அடிக்கிறபோது வருகிற சத்தம் ஆட்டை மிரட்டுமா என்பதற்கும் ஒரு கட்டம். அவர் மனைவி பெயர் தேடா. பெயருக்கு ஏற்றாற்போல் எதையும் தேடாதவர். முப்பது வருடத்துக்கு முன் ஒரு நடனக் கூடத்தில் முதலில் எதிரே வந்தவரைப் பார்த்து "சரி" என்று சொல்லிவிட்டவர்.

"என்னையும் இப்படிக் கட்டம் போட்டுப் பாத்திருந்தீங்கன்னா நான் இன்னும் அந்தக் கூடத்துலதான் நின்னுக்கிட்டு இருப்பேன்" என்பார் தேடா.

"உனக்குப் போட்டியா வேற மாடல் இல்லையே, தேடா."

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் மனைவி என்ன செய்ய முடியும்? தேநீர் போடத்தான் முடியும்.

சரி, ஒரு மனிதர் ஒரு பொருளை வாங்காமல் இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஓக்கோவைக் கேளுங்கள்.

ஓக்கோ ஐம்பத்தெட்டு வயது. ஹின்ரிக்கின் பக்கத்து வீடு. முப்பத்தோரு வருடமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார், ஒரு பிள்ளையின் தொப்பிகூட ஜன்னல் வழியாகப் பறந்ததில்லை, அத்தனை மெதுவாக. மனைவி இறந்து ஒன்பது வருடம். போன வருடம் திருச்சபைப் பத்திரிகையில் அவர், தன் ஆப்பிள் மரத்தின் பட்டை ஏன் வெடிக்கிறது என்று ஒரு சின்னக் கேள்வி கேட்டிருந்தார். ஹூசும் ஊரிலிருந்து வீப்கெ என்கிற விதவை அம்மாள் பதில் எழுதினார். மரம் பிழைத்துக்கொண்டது. கடிதம் நிற்கவில்லை. பதினொரு மாதத்தில் மரத்திலிருந்து பேச்சு மெதுவாக மனிதருக்கு வந்தது. மே மாதம் ஒரு கடிதத்தில் வீப்கெ இப்படி எழுதினார்:

"உங்க எழுத்து எனக்குத் தெரியுது, உங்க மரம் தெரியுது, உங்க முகம் மட்டும் தெரியல. வெளியில, பகல் வெளிச்சத்துல, தொப்பி இல்லாம ஒரு படம் எடுத்து அனுப்புங்க. அதைப் பாத்துட்டு அறுப்பின் பண்டிகைக்கு உங்க ஊருக்கு வரலாமான்னு சொல்றேன். அதுக்குள்ள படம் வரலைன்னா மறைக்கிறதுக்கு என்னமோ இருக்குன்னு வச்சுக்குவேன்."

ஓக்கோவிடம் இருந்ததோ ஓட்டுநர் உரிமத்துப் படம் ஒன்று. அதில் அவர் பஸ்ஸைத் திருடிக்கொண்டு போய்ப் பிடிபட்டவர் போல் இருப்பார். ஆகவே அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலியைத் தாண்டி, ஊரிலேயே நல்ல கேமரா வைத்திருக்கிற மனிதரிடம் போனார். ஐயோ பாவம்.

"எடுத்துரலாம்" என்றார் ஹின்ரிக். "அணைக்கரை மேல நிறுத்தி, பின்னால கடலு, சாயங்கால வெயிலு தோள்ல விழற மாதிரி. பிளாஷ் மட்டும் வந்துரட்டும். கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன். ரெண்டுக்குள்ள வந்து நிக்குது."

"போன்ல ஒண்ணு எடுத்தா ஆகாதாய்யா?"

ஹின்ரிக் முகத்தில் பரிதாபம் படர்ந்தது. "போன்லயா? அதுல எடுத்தா உன் மூக்கு தனியா ஒரு பஸ் ஏறி ஹூசும் போய்ச் சேரும். நீ அப்புறம் நடந்து வரணும். ஒரு பொம்பள ஒரே ஒரு படத்த வச்சு ஒரு முடிவு எடுக்கப்போறாங்க. அதுல போய் விளையாடுவியா?"

நியாயமான பேச்சு. வாங்கப் போகிறவர்களின் பேச்சு எப்போதும் நியாயமாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. ஓக்கோ தனியாக, கையை நீட்டிப் போனில் ஒன்று எடுத்துப் பார்க்கவும் செய்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மனிதர் ஒருவர் வந்தார். அதை அழித்துவிட்டார். பட்டணத்துப் படக்கடைக்குப் போகலாம்தான். ஆனால் நண்பன் 'எடுத்துரலாம்' என்று சொன்ன பிறகு வேறு ஆளிடம் போய் நிற்கிற பழக்கம் அந்த ஊரில் இல்லை.

ஜூன் மாதம் முழுக்க ஓக்கோ ஹின்ரிக் வீட்டில் தேநீர் குடித்தார். கோப்பையில் கற்கண்டைப் போட்டு, சூடாக ஊற்றி, அது படபடவென்று வெடிக்கிற சத்தம் அடங்குமுன் ஹின்ரிக் தொடங்கிவிடுவார். கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டால் 'போதும், இனி ஊற்றாதே' என்று பொருள். அரசனே வந்தாலும் அதற்குமேல் ஊற்றுகிறவர் அந்தச் சீமையில் கிடையாது. ஒருநாள் ஐந்தாவது கோப்பை முடிந்ததும் ஓக்கோ, மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, கரண்டியைக் கோப்பைக்குள் போட்டார். ஹின்ரிக் பேசிக்கொண்டே இரண்டு விரலால் அந்தக் கரண்டியை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இன்னும் பேட்டரிக்கே வரல" என்றார்.

தேடாவின் கையிலிருந்து வடிகட்டி விழுந்தது. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் பார்த்த முதல் வன்முறை அதுதான்.

ஜூலையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. புகைப்படக் கழகத்திலிருந்து ஒரு பிளாஷையும், அதன்மேல் விரிக்கிற வெள்ளைக் குடையையும் ஒரு மாலைக்கு இரவல் வாங்கி வந்தார் ஹின்ரிக். ஓக்கோ முகம் மழித்து, தலைவாரி, தொப்பியைக் கழற்றி, அணைக்கரை மேல் நின்றார். அங்கே கடல்காற்று யாரைக் கேட்டு அடிக்கும்? குடை விரிந்ததுதான் தெரியும். ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டு அது சரிவில் உருண்டு, எழும்பி, குதித்து, மேய்ந்துகொண்டிருந்த நூற்றிருபது ஆடுகளுக்கு நடுவே போய் இறங்கியது. ஆடுகள் சிதறின. ஒரே ஒரு கிழட்டுக் கிடா மட்டும் அசையாமல் குடைக்குப் பக்கத்தில் நின்றது. விழுந்த வேகத்தில் பிளாஷ் தானாகப் பளிச்சென்று ஒருமுறை அடித்தது.

"பாத்தியா, அந்தக் கோணம்தான்யா" என்றார் ஹின்ரிக், மூச்சு வாங்கிக்கொண்டே. "கிடாவோட கன்னத்துல எப்படி விழுந்துச்சு பாத்தியா."

"நான் இங்க நிக்கறேன், ஹின்ரிக்."

"உனக்கும் அதே கோணம்தான். கவலைப்படாதே."

குடையை மீட்டு வந்து ஹின்ரிக் நாற்பது படங்கள் எடுத்தார். நாற்பதிலும் ஓக்கோ இருந்தார், முகத்துக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு. நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க அப்படி ஓர் அட்டை உண்டாம். அட்டையை இறக்கச் சொல்வதற்குள் பேட்டரி தீர்ந்துபோயிற்று.

"அட்டை அருமையா வந்திருக்கு" என்றார் ஹின்ரிக்.

இப்படியாகச் செப்டம்பர் பிறந்தது. அறுப்பின் பண்டிகை அக்டோபர் முதல் ஞாயிறு. செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை ஓக்கோ, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். உயர்த்தினார் என்றால், அந்த ஊர் அளவுக்கு. "வண்டியில ஏறு" என்றார்.

"எங்க?"

"எம்டன் பட்டணத்துல கேமராக் கடைய ஒரு மணிக்கு மூடுறாங்க. இன்னைக்கு நீ வாங்குற. வாங்கின கையோட அங்கேயே துறைமுகத்துல என்னை நிறுத்தி எடுக்குற. நான் தொப்பிகூடப் போடல, பாரு."

ஹின்ரிக் ஏறினார். ஓக்கோ வண்டியை எடுத்தார். தொப்பி மடியில் இருந்தது. கால்வாய்ப் பாலத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஹின்ரிக்கின் போன் அடித்தது. தேடா.

இங்கே ஒரு விஷயம். அந்த ஊர்ப் பேச்சில் வானத்து மின்னலும் பிளிட்ஸ், கேமராக்காரர் பிளாஷும் பிளிட்ஸ், சாலையோரம் பதுங்கி நின்று வேகமாகப் போகிறவர்களைப் படம் பிடித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் அனுப்புகிற பெட்டியும் பேச்சுவாக்கில் பிளிட்ஸ்தான். அந்தப் பெட்டி இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று ரேடியோவில் சொல்வார்கள். ஊரார் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொள்வார்கள். அதுவும் ஒரு அயலார் நேசம்தான்.

"பாத்துப் போங்க" என்றார் தேடா. அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும். "கால்வாய்ப் பாலத்துக்கிட்ட பிளிட்ஸ் ஒண்ணு நிக்குதாம். இப்பதான் ரேடியோல சொன்னாங்க."

ஹின்ரிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரேடியோலயே சொல்றாங்களா? எந்த மாடலு?"

"மாடலா? சின்னதாம். தூக்கிட்டுப் போயி வைக்கிறது."

"பேட்டரியா?"

"பாலத்தடியில கரண்டு ஏது? பேட்டரியாத்தான் இருக்கும்."

"ஸ்டாண்டும் சேத்தா?"

"மூணு கால் ஸ்டாண்டுலதான் நிக்குதாம். ஏன் இதெல்லாம் கேக்குறீங்க?"

"வெயில்ல எப்படி, தேடா? வேலை செய்யுமா?"

"வெயிலு மழை எல்லாத்துலயும் பளிச்சுன்னு அடிக்குமாம். போன வாரம் நம்ம போதகரையே அடிச்சிருச்சுல்ல."

ஹின்ரிக் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஓக்கோ பக்கம் திரும்பினார். அவர் கண்கள் பளபளத்தன. "போதகரே போய்ப் பாத்திருக்காரு. கொஞ்சம் அழுத்துய்யா. வேற எவனாவது முந்திக்குவான்."

ஓக்கோவுக்கு முதல் வார்த்தையிலேயே புரிந்துவிட்டது. முப்பத்தோரு வருடம் சாலையில் இருக்கிறவருக்குப் புரியாதா? அவர் பிரேக்கில்தான் கால் வைக்கப் போனார். ஆனால் மே மாதத்திலிருந்து உள்ளே அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று, அட்டையும் கிடாவும் கரண்டியும் எல்லாமாகச் சேர்ந்து, அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. குலுங்கிய காலுக்குத் தான் எதன்மேல் இருக்கிறோம் என்பது தெரியவில்லை. மனைவி போன பிறகு அப்படி அவர் சிரித்ததே இல்லை. பாலம் வந்தது. பளிச்.

"மின்னலா?" என்றார் ஹின்ரிக், தெளிந்த வானத்தை அண்ணாந்து பார்த்து.

கடைக்கு ஒரு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். அதற்குமேல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹின்ரிக் ஒரு பெட்டியின்மேல் கை வைத்தார். ஆறு வருடத்தில் முதல்முறை. ஓக்கோ மூச்சை நிறுத்தினார். கடைக்கார அம்மாள் நேர்மையானவர். நேர்மையானவர்களால் வருகிற கேட்டுக்கு அளவில்லை. "வசந்தத்துல இதுலயே புதுசு ஒண்ணு வருதாம்" என்றார். கை பெட்டியிலிருந்து இறங்கிவிட்டது. ஹின்ரிக் வெளியே வந்தபோது அவர் கையில் கண்ணாடி துடைக்கிற துணி ஒன்று இருந்தது. நீலமா சாம்பலா என்று கடைசி நிமிடம்வரை யோசித்து, சாம்பல்.

திரும்பி வரும்போது ஓக்கோ சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்று மாலை வீப்கெவுக்கு எழுத உட்கார்ந்தார். 'மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, என் நண்பர் ஒருவர்' என்று தொடங்கிவிட்டு, அதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று வாரம் அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது.

நான்காவது வாரம் அரசாங்க உறை வந்தது. எழுபதில் போக வேண்டிய இடத்தில் எண்பத்தொன்று. பக்கத்தில் சாட்சிக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஓக்கோ அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். யார் இந்த மனிதர்? தொப்பி இல்லை. நெற்றியில் முடி காற்றில் எழும்பியிருக்கிறது. கண் இரண்டிலும் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. வாயைத் திறந்து, பல் அத்தனையும் தெரிய, இருபது வயதுக்காரனைப் போல் சிரிக்கிறார். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முகம் மட்டும் ஒரு கறுப்புக் கட்டத்தால் மூடப்பட்டிருந்தது. வண்டி ஓட்டாதவர் முகத்தைக் காட்டக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம்.

அன்றே அதை நகல் எடுத்து, வேகம் தேதி எல்லாவற்றோடும் அப்படியே ஹூசுமுக்கு அனுப்பினார். நான்காம் நாள் பதில் வந்தது.

"எண்பத்தொண்ணா? பஸ்ஸுல மெதுவாப் போறவர்னுல்ல எழுதியிருந்தீங்க. அந்த வேகத்துலயும் அப்படி என்ன சிரிப்புன்னு நேர்ல கேட்டுக்கறேன். பண்டிகைக்கு முந்தின நாள் ரயில்ல வரேன். ஸ்டேஷனுக்குத் தொப்பி போடாம வாங்க. பக்கத்துல அந்தக் கறுப்புக் கட்டம் யாரு?"

வந்தார். ஆலயத்தில் பூசணிக்காய்களுக்கும் ஆப்பிள் கூடைகளுக்கும் முன்னால் இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். செய்தித்தாள் அம்மாள் முதல் போதகர் வரை எல்லோரும் பார்க்காதது போல் பார்த்தார்கள்.

ஹின்ரிக்குக்கு வெட்கமாயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வாங்கப் போகிறவரை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. அவர் அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். "நேர் வெளிச்சம். குடை கிடையாது. ஓடுற வண்டி, நடுவுல கண்ணாடி வேற" என்று முணுமுணுத்தார். பிறகு அந்த உறையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, அந்தப் பெட்டியின் பிளாஷ் என்ன பலம், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் எத்தனை நேரம் என்று கேட்டார்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஐயா, நீங்க அபராதத்த எதிர்த்துப் புகார் பண்றீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லம்மா. பாராட்டத்தான் கூப்பிட்டேன்."

சுவரிலிருந்த தாளில் பதினெட்டாவது வரிசை ஏறியது. ஆட்டை மிரட்டுமா என்கிற கட்டத்தில் 'சத்தமே இல்லை' என்று எழுதினார்.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது, சிரிப்பு உடம்புக்கு நல்லது. இப்போது மெதுவாக உங்கள் போனை எடுத்து, வாங்கலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மாவரைக்கிற இயந்திரம் இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறதா? விலை இறங்கட்டும் என்கிறீர்கள். நியாயம்தான். போய்ப் பார்த்து வந்த அந்த வரனுக்குப் 'பதில் சொல்லி அனுப்புகிறோம்' என்றீர்களே, அனுப்பிவிட்டீர்களா? இன்னும் இரண்டு இடம் பார்த்துவிடலாம் என்கிறீர்கள். அதுவும் நியாயம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டாம். உங்கள் நியாயம் முடியட்டும் என்று யாராவது தலைவாரி, முகம் மழித்து, காற்றில் நின்றுகொண்டிருக்கிறார்களா என்று மட்டும் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் ஓக்கோ சாமான்களை ஏற்றிக்கொண்டு ஹூசுமுக்கே குடிபோனார். வண்டி கிளம்புகிற நேரம் தேடா ஒரு கேக்கைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். ஹின்ரிக் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். வசந்தத்தில் வரவேண்டிய புது மாடலைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று ஓக்கோ காத்திருந்தார்.

"அந்தப் படத்த வீப்கெ அவங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்காங்களாமே" என்றார் ஹின்ரிக். "வர்றவங்க போறவங்க கேட்டா சொல்லிடு, ஓக்கோ. அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள்ள நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."